மாட்டுக்குச் சுழி பார்க்கலாம், மனுசனுக்கு?



கொங்கு நாட்டுல மாடு வாங்கப் போறவங்க பல்லைப் பிடிச்சுப் பார்க்கறதுக்கு முன்னாடி சுழியைத்தான் பார்ப்பாங்க. நெத்தி, கழுத்து, முதுகுன்னு மயிர் சுத்தி நிக்கிற இடம்தான் சுழி. எந்தச் சுழி எங்க இருந்தா வாங்குனவன் வெளங்குவான், எங்க இருந்தா குடும்பமே நடுத்தெருவுக்கு வரும், மாடு முட்டுமா, ஏர்ல பூட்டினா படுத்துக்குமான்னு அத்தனைக்கும் ஒரு கணக்கு உண்டு. கண்ணபுரம் தேருக்குப் போனாலும் சரி, ஆடியில அந்தியூர் குருநாதசாமி பண்டிகைக்குக் குதிரை பார்க்கப் போனாலும் சரி, "சுழி சுத்தமுங்க"ன்னு தரகர் சொல்லாம யாவாரம் நகராது. லட்சணமான காங்கேயம் காளை ஒண்ணு, சுழி சரியில்லைன்னு பாதி விலைக்குப் போனதை நானே பார்த்திருக்கேன். மாடு பாவம். சோளத்தட்டைப் போட்டாப் போதும்னு அது பாட்டுக்கு நின்னுட்டிருந்துச்சு.

இப்ப எதுக்கு மாட்டுப் பழமைன்னு கேக்கறீங்களா? வர்றேன்.

என் தங்கச்சி பையன் ஆறாவது படிக்கிறான். அவன் பள்ளிக்கூடத்துல (பேரு வேண்டாம், நம்ம பக்கம் இருக்கற நூத்துக்கணக்கான தனியார் பள்ளிகள்ல ஒண்ணு) ஒரு கம்பெனிக்காரங்களைக் கூட்டிட்டு வந்து, பசங்களோட பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் பண்ணி, ஆளுக்கொரு வழவழ கலர் புத்தகம் குடுத்தாங்க. சும்மா இல்லைங்க, காசுக்குத்தான். அதுக்குப் பேரு டி.எம்.ஐ.டி. பொறக்கும்போதே எந்தக் குழந்தைக்கு என்ன புத்தின்னு ரேகையை வெச்சுச் சொல்லிருவாங்களாம். நம்ம பையனுக்குக் கணக்குப் புத்தி கம்மி, அடங்கிப் போற சுபாவம் ஜாஸ்தின்னு போட்டிருந்துச்சு. "ஏனுங் மச்சான், பொறப்புலயே இல்லைன்னா டியூசனுக்கு எதுக்குங்க காசைக் கொட்டறது?"ன்னு மாப்பிள்ளை கேட்டாரு. அவர் கெட்டவர் இல்லை, கேட்டதும் நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியுது. பையன் பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டிருந்தான்.

விரல் ரேகையில வட்டமா சுத்தி இருக்குமே, அதுக்கும் தமிழ்ல பேரு சுழிதானுங்க!

அந்தக் கம்பெனிக்காரங்க சொல்ற காரணம் இது: வயித்துல மூணு நாலு மாசத்துல ரேகை உருவாகுது, அதே மாசங்கள்ல மூளையும் வளருது, அதனால ரேகைதான் மூளையோட கண்ணாடி. அதே மாசங்கள்ல நகம் கூடத்தான் வளருது. நகத்தைப் பார்த்து ஐ.ஐ.டி. கிடைக்குமான்னு சொல்லுவாங்களா? டவுன் சிண்ட்ரோம் மாதிரி சில நிலைகள்ல ரேகை அமைப்பு வேற மாதிரி இருக்கும்ங்கறது உண்மை. அந்த ஒரு சொட்டுப் பாலை வெச்சுக்கிட்டு ஒரு அண்டா பாயசம் காய்ச்சி விக்கறாங்க. இந்தப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை கிடையாதுன்னு இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே 2019ல சொல்லிருச்சு. யாவாரம் நின்ன மாதிரி தெரியலை.

இதுல பெரிய வேடிக்கை என்னன்னா, இந்தக் கேள்விக்கு 1892லயே பதில் வந்தாச்சு. பதில் சொன்னவரு பிரான்சிஸ் கால்டன். டார்வினுக்குச் சொந்தக்காரர். நல்ல வித்துள்ள மனுசங்களைப் பெருக்கி மத்தவங்களைக் குறைக்கணும்ங்கற 'யூஜெனிக்ஸ்' கொள்கைக்கு 1883ல பேரு வெச்ச அதே ஆள். கைரேகை பத்தி முதல் பெரிய புத்தகம் எழுதுனவரும் அவர்தான். ரேகையை வெச்சு இனத்தையும் குணத்தையும் கண்டுபிடிச்சிரலாம்னு பெரிய ஆசையோட தேடினாரு. தேடித் தேடிப் பார்த்துட்டு, இனமும் தெரியலை, குணமும் தெரியலை, நான் எதிர்பார்த்தது நடக்கலைன்னு புத்தகத்துலயே ஒத்துக்கிட்டாரு. ரேகை ஆளைக் காட்டும், ஆளோட குணத்தைக் காட்டாது. யூஜெனிக்ஸோட தகப்பனே கைவிட்ட விஷயத்தை 130 வருஷம் கழிச்சு நம்ம பள்ளிக்கூடத்துல ரசீது போட்டு விக்கறாங்க.

இதோட நின்னா இது வெறும் ஏமாத்து யாவாரம், போலீஸ்ல புகார் குடுத்துட்டுப் போயிரலாம். ஆனா குணம் பொறப்புல வருதுங்கற நம்பிக்கைக்கும் கைரேகைக்கும் நம்ம தமிழ்நாட்டுல ஒரு பழைய உறவு இருக்கு. அது ரத்தத்துல முடிஞ்ச உறவு.

குற்றப்பரம்பரைச் சட்டம் 1871ல வடக்க வந்துச்சு. 1911ல திருத்தி சென்னை மாகாணத்துக்கும் கொண்டு வந்தாங்க. மதுரைப் பக்கத்துல சனங்க அதுக்கு வெச்ச பேரு 'ரேகைச் சட்டம்'. ஒரு சாதியைக் குற்றப்பரம்பரைன்னு அறிவிச்சுட்டா, அந்தச் சாதியில பொறந்தவன் திருடணும்னு அவசியமில்லை, பொறந்தாப் போதும். ரேகை வெக்கணும். ராத்திரியானா போலீஸ் கண்ணு முன்னாடி படுக்கணும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கணும். பெத்தவங்ககிட்ட இருந்து பிள்ளைங்களைப் பிரிச்சுச் சீர்திருத்தப் பள்ளியில போடலாம்னு 1897லயே ஒரு திருத்தம் போட்டாங்க, 4 வயசுல இருந்து 18 வயசு வரைக்கும். நாலு வயசுக் குழந்தைங்க! 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூர்ல பிரமலைக் கள்ளர்கள் ரேகை வெக்க மாட்டோம்னு நின்னாங்க. போலீஸ் சுட்டதுல 16 பேர் செத்தாங்க, அதுல ஒருத்தர் பொம்பளை.

நம்ம சேலம், கோயமுத்தூர்ப் பக்கம் இந்தப் பட்டத்தைச் சுமந்தவங்க குறவர்கள். மீனா ராதாகிருஷ்ணா 2001ல எழுதுன புத்தகம் ஒண்ணு இருக்கு, கிடைச்சாப் படிங்க. இந்தச் சனங்க மாட்டு மேலயும் கழுதை மேலயும் உப்புப் பொதியை ஏத்திக்கிட்டு, கடற்கரையில இருந்து உள்நாட்டுக்குக் கொண்டு வந்து, தானியத்துக்கு மாத்தி யாவாரம் பண்ணினவங்க. வெள்ளைக்காரன் உப்புக்கு வரியும் ஏகபோகமும் போட்டான், அப்புறம் ரயில் வந்துச்சு. பொதிமாட்டு யாவாரம் போச்சு. பொழப்பு போனவன் ஊர் ஊராத் திரிஞ்சா சந்தேகம் வரும், சந்தேகம் வந்தா வழக்கு வரும், வழக்கு பெருகினா 'இவங்க சாதியே இப்படி'ன்னு ஒரு ஏடு வரும். 1892ல முல்லலின்னு ஒரு போலீஸ் அதிகாரி சென்னை மாகாணத்துக் குற்ற வகுப்பாரைப் பத்தி அப்படி ஒரு ஏடே எழுதி வெச்சாரு. உப்பு வரி எங்க, ரத்தம் எங்க?

ஒண்ணு சொல்லணும். சட்டம் போட்டவங்க மனசுல இருந்தது இன்னைக்கு நாம சொல்ற ஜீன் கிடையாது. தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளின்னா திருடன் மகன் திருடனாத்தானே இருப்பான்ங்கற வாதம். அதாவது நம்ம சாதிக் கணக்கையே எடுத்து நம்ம மேலயே வெச்சான். அதுக்கு விஞ்ஞானச் சாயம் பூசறதுக்கு எட்கர் தர்ஸ்டன் மாதிரி ஆளுங்க இருந்தாங்க. சென்னை மியூசியத்துக்கு அவர்தான் தலைவர். ரங்காச்சாரியோட சேர்ந்து 1909ல தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பத்தி ஏழு தொகுதி போட்டாரு. இன்னைக்கும் சாதிப் பெருமை எழுதறவங்க எல்லாம் அதைத்தான் புரட்டுவாங்க, தங்களுக்குச் சாதகமான பக்கத்தை மட்டும். அவர் அளவுகோலை எடுத்துக்கிட்டு மூக்கு, மண்டை, உயரம்னு அளந்துக்கிட்டே போனாரு. சேர்வராயன் மலையில மலையாளிகள், நம்ம நிலத்தைப் பிடுங்கிட்டு அந்தமானுக்கு அனுப்பத்தான் வந்திருக்கான்னு பயந்தாங்களாம். நீலகிரியில ஒரு இருளர், உயரம் அளக்கற கட்டையைத் தூக்குமரம்னு நினைச்சு அளக்க வர மாட்டேன்னுட்டாராம். வயநாட்டுல பணியப் பொம்பளைங்க, நம்மளைக் கொன்னு பஞ்சடைச்சு மியூசியத்துல வெக்கப் போறான்னு ஓடினாங்களாம். இதையெல்லாம் அவரே தமாஷா எழுதி வெச்சிருக்காரு.

எனக்குச் சிரிப்பு வரலை. விஞ்ஞானம் தெரியாத அந்தச் சனங்கதான் நிலைமையைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு தோணுது. அளவெடுக்க வர்றவன் எடுத்த அளவை யார் கையில குடுப்பான்ங்கறதுதானே கேள்வி? மியூசியத்துல தர்ஸ்டன் போலீஸ்காரங்களுக்கும் அளவெடுக்கற பாடம் நடத்தினவரு.

சென்னை மாகாணத்துல 1947ல சட்டத்தை எடுத்தாங்க. நாடு முழுக்க 1952ல போச்சு. ஆனா 'வழக்கமான குற்றவாளிகள்'னு 1948லயே இன்னொரு சட்டம் வந்துருச்சு. 2021ல ஜெய்பீம் படம் பார்த்தீங்கல்ல? ஜெயில் வாசல்ல நிக்க வெச்சு, நீ என்ன சாதின்னு கேட்டுப் பிரிச்சு அனுப்பற முதல் காட்சி. அதுக்கு மூலமான 1993 லாக்கப் கொலையில செத்தவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். 2024 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சிறைக் கையேடுகள்ல இருந்த சாதிப் பாகுபாட்டை ரத்து பண்ணும்போது, சீர்மரபினரைப் பொறவிக் குற்றவாளியா நினைக்கற வார்த்தைகளையும் எடுக்கச் சொல்லுச்சு. சட்டம் செத்து 70 வருஷத்துக்கு அப்புறம், 2024ல!

சரி, இதையெல்லாம் படிச்சுட்டு "அப்ப குணத்துக்கும் பரம்பரைக்கும் சம்பந்தமே இல்லைங்கறியா?"ன்னு பின்னூட்டத்துல கேப்பீங்க. நான் அந்தக் கட்சி இல்லைங்க. மாடு வளர்த்த வீட்டுல பொறந்துட்டு வித்துல ஒண்ணுமில்லைன்னு சொன்னா அப்பாரு கனவுல வந்து உதைப்பாரு. கோயமுத்தூரே வித்து ஆராய்ச்சியில பேரெடுத்த ஊரு. 1912ல கரும்பு இனப்பெருக்கு நிலையம் இங்க வந்துச்சு. நல்ல கரும்பையும் காட்டுல மண்டிக் கிடந்த நாணல் மாதிரிக் கரும்பையும் ஒட்டுச் சேர்த்து, 1918ல கோ 205ஐ வெளிய விட்டாங்க. வட இந்தியாவோட கரும்புக் காடே மாறுச்சு. மனுசங்கள்லயும் இரட்டைப் பிள்ளைங்களை வெச்சுப் பண்ணின ஆராய்ச்சிகள் எல்லாம் குணம், மனநோய், படிப்புன்னு எல்லாத்துலயும் பரம்பரைக்கு ஒரு பங்கு இருக்குன்னுதான் சொல்லுது. பிரச்சினை, அந்தப் 'பங்கு'ங்கற வார்த்தையை நாம எப்படிப் படிக்கறோம்ங்கறதுல இருக்கு.

ரிச்சர்ட் லெவன்டின்னு ஒரு மரபியல் அறிஞர் 1970ல இதை விதையை வெச்சு விளக்கினாரு. நம்ம ஊருக்கு மாத்திச் சொல்றேன். ஒரே மூட்டைச் சோளத்துல ரெண்டு கை அள்ளி, ஒண்ணை பி.ஏ.பி. வாய்க்கால் தண்ணி பாயற காட்டுல விதைக்கறீங்க, இன்னொண்ணை அக்கட்டால மானாவாரியில விதைக்கறீங்க. வாய்க்கால் காட்டுக்குள்ள ஒரு பயிர் உசரம், ஒரு பயிர் குட்டைன்னா அது விதையோட வித்தியாசம். தண்ணியும் எருவும் எல்லாத்துக்கும் ஒண்ணுதானே. மானாவாரிக்குள்ளயும் அப்படியே. ஆனா இந்தக் காட்டுக்கும் அந்தக் காட்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம்? அது அத்தனையும் தண்ணி. ஒரு காட்டுக்குள்ள நூத்துக்கு நூறு பரம்பரைன்னு கணக்கு வந்தாலும், ரெண்டு காட்டுக்கு நடுவுல பரம்பரை பூஜ்யமா இருக்கலாம்.

இப்ப காட்டுக்குப் பதிலா சாதியை வெச்சுப் பாருங்க. யார் தலைமடை, யார் கடைமடைன்னு எத்தனை நூறு வருஷமா முடிவு பண்ணின ஊரு இது? அந்த வாய்க்காலை மறந்துட்டு, பயிரை மட்டும் பிடுங்கிப் பார்த்து 'இந்தச் சாதிக்குப் படிப்பு ஏறும், அந்தச் சாதிக்குக் கோவம் ஜாஸ்தி'ன்னா அதுக்குப் பேரு ஆராய்ச்சியா? பெருங்காமநல்லூர்ல சுட்ட அதே காலத்துல தொடங்குன கள்ளர் சீரமைப்புப் பள்ளிக்கூடங்கள்ல படிச்ச பிள்ளைங்க ஆபீசரானாங்க, வாத்தியாரானாங்க. ரத்தத்தை யாரும் மாத்தலை, மடையைத் திறந்து விட்டாங்க.

கரும்பு நிலையத்தைச் சொன்னதால ஒரு கிளைக்கதை. 1934ல இருந்து 1939 வரைக்கும் அங்க ஜானகி அம்மாள் வேலை பார்த்தாங்க. தலைச்சேரிக்காரங்க. கரும்பையும் மக்காச்சோளத்தையும் ஒட்டுச் சேர்த்த மகராசி. தனியா இருக்கற பொம்பளை, தீயர் சாதின்னு இங்க அவங்க பட்டது கொஞ்சநஞ்சமில்லைன்னு அவங்களைப் பத்தி எழுதுனவங்க சொல்றாங்க. இங்கிலாந்து போயி, டார்லிங்டன்ங்கற பெரிய மரபியல் அறிஞரோட சேர்ந்து பயிர்களோட குரோமோசோம் பட்டியலை 1945ல புத்தகமாப் போட்டாங்க. அந்த டார்லிங்டன் என்ன பண்ணினாரு தெரியுமா? இனங்களுக்கு நடுவுல பொறவியில அறிவு வித்தியாசம் இருக்குன்னு நிரூபணம் இல்லைன்னு 1951ல யுனெஸ்கோ அறிக்கை விட்டப்ப, ஆட்சேபணை சொன்னவங்கள்ல அவரும் ஒருத்தர். தன்னோட ஒரே புத்தகத்துல பேரைப் பகிர்ந்துக்கிட்டது ஒரு மலையாளத்துப் பொம்பளைன்னு அந்த நேரத்துல நினைப்பு வரலை போல. பயிர்ல மேதையா இருக்கறவங்க மனுசன் விஷயத்துல சுழி பார்க்கற தரகராயிர முடியும்.

சரி, இப்ப கஷ்டமான இடத்துக்கு வர்றேன்.

மேல சொன்னதெல்லாம் கெட்ட ஆராய்ச்சி, பழைய ஆராய்ச்சி. திட்டறது சுலபம். நல்ல ஆராய்ச்சியும் நம்ம ஊர்ல நடந்திருக்கு. சென்னையில ஸ்கார்ப்னு ஒரு மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், சாரதா மேனன் அம்மா 1984ல தொடங்கினது. அவங்களும் ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாந்து ஆளுங்களும் சேர்ந்து, தமிழ்நாட்டுக் குடும்பங்கள்ல மனச்சிதைவுக்கான ஜீனைத் தேடினாங்க. 2009ல வந்த கட்டுரை முதல் குரோமோசோம்ல ஒரு இடத்தைக் காட்டுச்சு. 2019ல வந்த இன்னும் பெரிய ஆராய்ச்சி எட்டாவது குரோமோசோம்ல, நியாசின் விட்டமினோட சம்பந்தப்பட்ட ஒரு ஜீன் பக்கம் கையைக் காட்டுச்சு. நாளைக்கு இதுல இருந்து ஒரு மருந்து வரலாம், வராமலும் போகலாம். ஆனா தேடணும். ஏன்னா உலகத்துல இந்த மாதிரி ஆராய்ச்சியில பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளி ஆளுங்களை வெச்சே நடக்குது. நம்ம நோயாளிங்களை விட்டுட்டா மருந்தும் நம்மளை விட்டுட்டுப் போயிரும்.

இதுக்குத் தமிழ்நாட்டை ஏன் தேர்ந்தெடுத்தாங்க? சாதிக்குள்ளயே கட்டிக்கிட்டு வந்ததால ஒரே மாதிரியான மரபு. ஜீன் தேடறவங்களுக்கு அது வசதி, வைக்கோல் போரு சின்னதாயிருது, ஊசி சீக்கிரம் சிக்கும். 2009 கட்டுரையோட தலைப்புலயே அந்த ஒரே மாதிரித்தனம் இருக்கு. இங்கதான் எனக்குத் தொண்டையில மாட்டுது. எந்த அகமண முறை நம்மளை ஆராய்ச்சிக்குத் தோதான ஆளா ஆக்குதோ, அதே முறைதான் முடிவை ஒரு சாதியோட நெத்தியில ஒட்டற பசையாவும் ஆகுது. 2017ல ஒரு பெரிய ஆய்வு, தெற்காசியாவுல பார்த்த 263 குழுக்கள்ல 81 குழுக்களுக்கு இப்படி நெருங்கின மரபுன்னு சொல்லுச்சு. மயக்க மருந்து குடுக்கறப்ப சில வைசியக் குடும்பங்களுக்கு வர்ற ஆபத்து மாதிரி உடம்பு விஷயம்னா, சாதிப் பேரைச் சொல்றதுல நன்மை இருக்கு, உசுரைக் காப்பாத்தும். புத்தி, கோவம், பைத்தியம்னு வரும்போது அதே சாதிப் பேரு என்ன பண்ணும்?

என்ன பண்ணும்னு கொங்கு நாட்டுக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒறம்பரை வகையில ஒரு பொண்ணு. அண்ணனுக்கு மனச்சிதைவு. ஜாதகம் பொருந்தி, கூட்டம் பார்த்து, சீர் வரைக்கும் பேசி, மூணு தடவை கடைசி நிமிசத்துல நின்னு போச்சு. "அவிங்க ஊட்டுல ஒருத்தருக்கு அப்படியாமா"ங்கற ஒத்தை வரிதான் காரணம். அதுக்கப்புறம் பையனுக்கு மாத்திரை வாங்கறதுக்குக் கூட உள்ளூர்க் கடைக்குப் போகாம வெளியூர் போறாங்க. போக முடியாத மாசம் மாத்திரை கிடையாது. அந்த மாசம் அந்த வீட்டுல என்ன நடக்கும்னு விவரிக்க எனக்கு மனசு வரலை.

கணக்கு என்னன்னா, கூடப் பொறந்தவங்களுக்கு இந்த நோய் வர வாய்ப்பு பத்துல ஒண்ணுக்குப் பக்கம். அதாவது பத்துல ஒம்போது பேருக்கு வராது. அச்சு அசல் ஒரே ஜீன் உள்ள இரட்டையர்கள்லயே ஒருத்தருக்கு வந்தா மத்தவருக்குப் பாதிக்குப் பாதி கூட வர்றதில்லை. இந்தக் கணக்கைக் கல்யாணத் தரகர்கிட்ட யார் சொல்றது? சொன்னாலும் "எதுக்குங்க வம்பு, வேற இடம் பார்க்கலாம்"னு போயிருவாங்க. சாதி மாறிக் காதலிச்சதுக்கு 2015ல கோகுல்ராஜையும் 2016ல உடுமலைப்பேட்டை சங்கரையும் கொன்ன மண்ணு இது. இங்க 'ரத்தம்'ங்கறது வெறும் பேச்சு வழக்கு கிடையாது.

அந்தக் குடும்பத்துக்கிட்ட நாளைக்கு ஒரு ஆராய்ச்சிக்காரர் வந்து ரத்தம் கேட்டா, குடுங்கன்னு நான் சொல்லுவேனா? சொல்லுவேன். ஆனா சில கேள்வி கேக்கச் சொல்லுவேன். 2017 மனநலச் சட்டம், நோயாளியோட சம்மதத்தைக் கேக்காம ஆராய்ச்சி பண்ணக் கூடாதுங்குது. நல்லது. ஆனா கையெழுத்துப் போடறது ஒருத்தர், விளைவு விழறது அவர் தங்கச்சி மேல, கூட்டத்து மேல, சாதி மேல. தங்கச்சியை யாரும் கேக்கறதில்லை. அமெரிக்காவுல கிராண்ட் கேன்யன் பக்கத்துல ஹவாசுபாய்னு ஒரு சின்னப் பழங்குடி. 1990ல சர்க்கரை நோய்னு சொல்லி அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக ஆளுங்க ரத்தம் எடுத்தாங்க. அப்புறம் பார்த்தா அதே ரத்தத்துல மனச்சிதைவு, சொந்தத்துல கட்டிக்கறது, எங்கிருந்து வந்தாங்கன்னு என்னென்னவோ ஆராய்ச்சி. வழக்குப் போட்டு, 2010ல 7 லட்சம் டாலரும், முக்கியமா ரத்தத்தையும் திருப்பி வாங்கினாங்க. நம்ம ஊர்ல ரத்தத்தைத் திருப்பிக் கேக்கலாம்னு எத்தனை பேருக்குத் தெரியும்? அதனால, இந்த ரத்தம் வேற எதுக்குப் போகும், எத்தனை வருஷம் இருக்கும், கட்டுரையில எங்க சாதிப் பேரு வருமா, முடிவு வந்தா எங்களுக்குத் தமிழ்ல வந்து சொல்லுவீங்களா, இந்த நாலையும் கேளுங்கன்னு சொல்லுவேன். நாலாவது கேள்விக்குத்தான் ஆராய்ச்சிக்காரங்க முகம் மாறும்னு நினைக்கறேன்.

மதுரையில இதோட இன்னொரு முகம் நடந்துச்சு. காமராசர் பல்கலைக்கழகத்துப் பிச்சப்பன் ஐயா, பிரமலைக் கள்ளர் கிராமம் ஒண்ணுல எம்130ங்கற பழைய மரபுக் குறியீட்டைக் கண்டுபிடிச்சாரு. ஆப்பிரிக்காவுல இருந்து கடலோரமா ஆஸ்திரேலியா வரைக்கும் நடந்த ஆதி மனுசங்களோட தடம். 2002 வாக்குல ஸ்பென்சர் வெல்ஸ் புத்தகமாவும் படமாவும் வந்து உலகமே பார்த்துச்சு. பாட்டன் ரேகையைப் பிடுங்குன ஊர்ல பேரன் தானா வந்து ரத்தம் குடுத்திருக்கான். அந்த ஆராய்ச்சி வந்த வழியை மட்டும்தான் சொல்லுச்சு, குணத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. ஆனாலும் "நாங்கதான் மொதல் மனுசன், அதான் எங்களுக்கு இந்த வீரம்"னு டீக்கடையில பேசினதை என் காதால கேட்டிருக்கேன். இழிவா ஒட்டினா வலிக்குது, பெருமையா ஒட்டினா இனிக்குது. பசை ஒண்ணுதான்.

அடுத்து வரப் போறது கருவுலயே புத்தி பார்க்கறது. வெளிநாட்டுல சில கம்பெனிக இறங்கியாச்சு. நம்ம 2021 சட்டப்படி செயற்கைக் கருத்தரிப்புல கருவோட மரபணுவைப் பரம்பரை நோய்க்காக மட்டும்தான் சோதிக்கலாம், அது வரைக்கும் நல்லது. முப்பது லட்சம் பேரை வெச்சு 2022ல வந்த ஆராய்ச்சியே ஐரோப்பிய வம்சாவளியில படிப்பு வித்தியாசத்துல 12ல இருந்து 16 சதவீதம் வரைக்கும்தான் ஜீன் மதிப்பெண்ணால சொல்ல முடியும்னுச்சு. நம்ம சனங்களுக்கு அந்த மதிப்பெண் இன்னும் மோசமாத்தான் வேலை செய்யும். ஆனா ரேகைப் புத்தகத்துக்கே காசு குடுத்த ஊரு, இதுக்குக் குடுக்காதா? நாமக்கல்ல சீட்டுக்கு நிக்கற வரிசை கர்ப்பப்பைக்கு முன்னாடி வந்து நிக்கும்.

இன்னொரு பக்கம் அரசாங்கம். 1920ல, பெருங்காமநல்லூர்ல சுட்ட அதே வருஷம், கைதிகளை அடையாளம் காண ஒரு சட்டம் வந்துச்சு. அது 2022 வரைக்கும் இருந்துச்சு. அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டத்துல ரேகையோட கருவிழி, ரத்தம் மாதிரி உயிரியல் மாதிரிகள், அப்புறம் 'நடத்தைக் கூறுகள்'னும் ஒரு வார்த்தை இருக்கு. கையெழுத்து, எழுத்து நடை எல்லாம் அதுல அடக்கம்னு எழுதியிருக்காங்க. சின்னக் குற்றத்துக்குக் கைதானவங்க உயிரியல் மாதிரி குடுக்க மறுக்கலாம்னு ஒரு விலக்கும் இருக்கு. ஸ்டேசன்ல நின்னுட்டு அந்த விலக்கைக் கேக்கற தைரியம் எந்தச் சாதிக்காரனுக்கு இருக்கும், எந்தச் சாதிக்காரனுக்கு இருக்காதுன்னு உங்களுக்கே தெரியும். எடுத்த பதிவை 75 வருஷம் வெச்சிருப்பாங்க.

மாப்பிள்ளைகிட்ட டியூசனை நிறுத்த வேண்டாம்னு சொல்லியிருக்கேன். "பார்க்கலாமுங் மச்சான்"னாரு. அந்தக் கலர் புத்தகம் இன்னும் சாமி ரூம்ல, ஜாதகத்தோட சேர்த்துத்தான் இருக்கு.

டிஸ்கி: மாட்டுச் சுழி நிசம்தான்னு சண்டைக்கு வர்றவங்க, சுழி கெட்ட மாட்டை அரை விலைக்கு எனக்கே குடுத்துருங்க. ஜானகி அம்மாளைப் பத்தித் தனிப் பதிவு பாதி எழுதி வெச்சிருக்கேன், நோம்பி முடிஞ்சதும் போடறேன்.